கெண்டைக்கு வைத்தியம்

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம், சோதனைக்கு வந்தும் அன்று அரிசி டின்னைத் தொடவில்லை, அடுப்படியைக் குடையவில்லை. நேராகக் காளியண்ணன் வீட்டுக்குப் பின்னால் போய் மீன்குளத்துக் கரையில் குந்திவிட்டார். காளியண்ணனுக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்துக் கொட்டியது. எழுபத்தெட்டாம் வருடத்து டிசம்பர் குளிரில், கேமரன் மலையிலேயே வியர்த்த ஒரே ஆள் அவன்தான்.

காளியண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை. ஒரு சிட்டிகை வெளியே போனாலும் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்பது தோட்டத்துத் துரையின் சட்டம். திருடனைப் பிடிக்கும் பொறுப்பு, ரிங்லெட் டவுன் வரைக்கும் பேரைக் கேட்டாலே எல்லாரும் நடுங்குகிற இந்தக் கிராணிக்கு.

போன மாதம் மட்டும் மூன்று திடீர்ச் சோதனை. மூன்று தடவையும் லயத்து முனையில் கிராணியின் தொப்பி தெரிந்ததுமே, புருஷன் ஸ்வெட்டருக்குள் மறைத்துக் கொண்டுவந்த தூளை வேலம்மா அப்படியே குளத்தில் கொட்டிவிட்டாள்.

அதில்தான் வந்தது வினை. உடம்பெல்லாம் சிவப்புப் புண்ணும் அழுகிய துடுப்புமாகத் தினம் நாலு செத்து மிதந்த கெண்டைகளுக்கு அதுவரை காளியண்ணன் போடாத மருந்தில்லை. மூன்றாவது சோதனைக்குப் பிறகு அத்தனையும் தேறிவிட்டன. தேறியது என்றால் சும்மாவா? ஒவ்வொன்றும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்து, கரையில் நின்ற கொக்கையே முறைத்துப் பார்த்தது.

"என்னாப்பா காளியண்ணா, உன் மீனெல்லாம் செத்துக்கிட்டு இருந்திச்சே. என்னா மருந்து போட்டே?"

"கொய்யா இலைங்கய்யா. கசக்கிப் போட்டேன்."

"கொய்யா இலைக்கு இது கேக்காதுப்பா."

"மஞ்சளும் பூண்டும் அரைச்சு, தவுட்டுல உருட்டி..."

"அதுக்கும் கேக்காது." கிராணி பெருமூச்சு விட்டார். "ஒரு வாரம் போட்டாலும் கேக்காது."

வேலம்மா முந்திக்கொண்டாள். "வேப்பெண்ணெயும் ஊத்துனோங்கய்யா, ஒரு போத்தல் முழுசா!"

கிராணி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செம்பழுப்பாகக் கிடந்த குளத்துத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினார். மோந்து பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டார். ஆபீசில் ஒரு நாளைக்கு முப்பது கிளாஸ் தேத்தண்ணி குடிக்கிற நாக்கு அது.

"சீனிதான் குறையுது," என்றார்.

காளியண்ணன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். "தப்புதாங்கய்யா! துரைகிட்ட சொல்லிடாதீங்க. வீட்டக் காலி பண்ணச் சொன்னா புள்ளகுட்டியோட எங்கய்யா போவேன்?"

"எந்திரிடா மொதல்ல. யாராச்சும் பாத்துத் தொலைக்கப் போறாங்க."

கிராணி லயத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடவை பார்த்தார். வேலம்மாவையும் பார்த்தார். பிறகு குனிந்து, காளியண்ணனின் காதோடு காதாகச் சொன்னார்.

"என் குளத்துலயும் மீனு சாவுதுலா, நாளைக்கு எனக்கும் சேத்து எடுத்துட்டு வா!"