பன்னிரண்டாவது இடம்

“இன்னைக்கு எங்கய்யன் காலையும் நீங்க கழுவோணுமுங்க, சாமி.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். கல்லூரி விடுதியில் கன்னியாஸ்திரீகளும் சொன்னார்கள். எங்கள் தெருவில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் அது தெரியும்.

நான் பி.ஏ. படித்துவிட்டு வந்தவள். கேட்டுவிட்டேன்.

பெரிய வியாழன் சாயங்காலம். பீடத்துக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில் பங்குச் சாமியார் இடுப்பில் வெள்ளைத் துண்டு கட்டி நின்றிருந்தார். சேசுநாதர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதுபோல, அவரும் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவி முத்தமிட வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் கோயில் தெருக்காரர்கள்தான். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வருவார்கள். சாமியார் கழுவுவதற்கு அந்தக் கால்களில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இந்த வருடம் ஓர் இடம் காலி. தறிக்கார மிக்கேல் மாசியில் செத்துப்போனார். அந்த இடத்துக்கு வர மகன் கிடையாது.

அவருக்குக் குழி வெட்டியவர் என் அப்பா சவரிமுத்து. மற்ற பதினோரு பேரின் தகப்பன்மாரையும் மண்ணுக்குள் இறக்கி வைத்தவர் அவர்தான். செத்த பிறகு அவர் கை படலாம். உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் உட்காரக் கூடாது.

சாமியாருக்குப் பக்கத்தில் நின்ற, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சின்னப்பன் மூக்கால் சிரித்தார்.

“ஏம்புள்ள, இன்னைக்குக் காலு. நாளைக்கு உங்கய்யனே பூசை வெக்கோணும்பியா?”

“வெச்சா எல்லாரும் நேரத்தோட ஊடு போய்ச் சேரலாமுங்க. அவரு உங்களாட்டச் செபத்த இழுக்க மாட்டாரு.”

சாமியார் சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். நான் கல்லூரியில் சேரச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரே அவர்தான். ஆனால் பயந்தவர்.

சவரிமுத்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார். ஈஸ்டருக்குப் பாஸ்குத் தேர் தூக்க ஆள் வராது என்றார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

“சேசுநாதரோட ஆளுங்களும் அன்னைக்கு ராத்திரியே ஓடித்தானுங்க போனாங்க. அதுக்காக அவரு கழுவாம உட்டாரா? காட்டிக் குடுத்தவன் காலையுமில்ல கழுவுனாரு?”

சாமியார் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினார். இனி ஈஸ்டர் வரை கோயில் மணி அடிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக வெளியே மரக்கட்டையைத் தட்டினார்கள். நேரமாகிவிட்டது.

“பொறும்மா. மொதல்ல அவங்க கிட்டப் பேசிப் பாக்கறேன்.”

“அதுக்கு நேரமில்லீங்க. சாமி உங்களக் கூப்புட்டாருன்னு காலையிலயே அய்யங்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க.”

உபதேசியார் வாயைப் பிளந்தார்.

“பொய்தானுங்க. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாரேன்.”

திரையை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். சாமியாரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பீடத்துக்கு முன்னால், பன்னிரண்டு பேருக்கான பலகையின் கடைசியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது.

இரண்டு பேர் எழுந்துவிட்டிருந்தார்கள். போவதா உட்காருவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்தில் இருந்த கிழவர் எழவில்லை. அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார். பிறகு வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டி, எந்தக் காலை முதலில் நீட்ட வேண்டும் என்று அவரிடமே கேட்டார்.

நான் நிற்காமல் பெண்கள் பக்கம் நடந்தேன்.