கண்ணாடி அலுமாரி

அபிமானச் சரித்திர நாவலாசிரியர் கோட்டைவாசன் நீர்வேலிக்குத் தன் வீடு தேடி வந்ததில் கோபிசங்கருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி அலுமாரியைத் திறந்து, அவருடைய முதல் நாவலை எடுத்து நீட்டினான்.

"இருபது தரம் வாசிச்சிட்டன், ஐயா. தொண்ணூறாம் ஆண்டு அப்பா கொண்டுவந்து தந்தது. ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

அவர் முதற்பக்கத்தைப் பார்த்தார். பேனையை மூடினார்.

"ஏற்கெனவே போட்டிருக்கிறன், தம்பி."

மங்கிய மையில் இருந்த அந்த வரி அவனுக்கு மனப்பாடம்: 'உம்மாவுக்கு, மகன் றம்ஸீன்.' யாரென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"கோட்டைவாசன் என்ரை புனைபெயர். அந்த வருசம் யாழ்ப்பாணத்தை விட்டு முஸ்லிம் சனம் எங்களை இயக்கம் வெளியேத்தேக்கை உம்மா இதை மட்டும் கேட்டவ. எடுக்க விடேல்லை."

சொல்லிவிட்டு அவர் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபிசங்கர் தலைகுனிந்தான். அன்று அப்பாவின் ட்ராக்டரில் புத்தகம் தனியாக வரவில்லை. அந்த அலுமாரிக்குள் இருந்தபடியேதான் வந்தது.