உப்பு கம்மி

என் வீட்டுக்காரர் ஓட்டலில் சமையல் மாஸ்டர். போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு அவர் நாக்கிலிருந்து ருசி போய்விட்டது. முதலாளி அவரைக் காய் நறுக்க உட்கார வைத்துவிட்டார். மனசு மாறட்டும் என்று இந்தக் கடலோர ஊருக்குக் கூட்டி வந்தேன். பழைய தெருக்களில் ஒரு கடை விடாமல் வாங்கிக் கொடுத்தேன்.

"எல்லாம் சக்கை மாதிரிதான் இருக்கு," என்றார்.

கடற்கரைக்கு இறங்கும் சந்தில் ஒரு பெண் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "உப்பு பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு ருசியே தெரியாது," என்றாள்.

"உனக்கும் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, எங்க அண்ணனுக்குத்தான். ஒரு துண்டை ஊதி ஆத்தி ஊட்டி விட்டேன். அவருக்கு ருசி வந்துடுச்சு, எனக்குப் போயிடுச்சு. இப்ப நல்லா திங்கறாரு."

சொல்லிவிட்டு அடுத்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

நான் ஒரு துண்டை எடுத்து முள் நீக்கினேன். ஊதி ஆற்றி அவர் வாயில் வைத்தேன். மென்றவர் பாதியில் நிறுத்தினார்.

"உப்பு கம்மி," என்றார். பிறகு, பழைய மாஸ்டர் குரலில், "மிளகும் பத்தல. நீயே தின்னு பாரு."

மிச்சத்தை வாயில் போட்டேன். வெறும் சக்கை.

"ஆமாங்க, கம்மிதான்," என்றேன். மீன்காரி என்னைப் பார்த்துச் சிரித்தபடி உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.