கிழிக்காத கடிதம்

சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. செண்பகவல்லி வாசலிலேயே நின்று அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கப்பல் வேலைக்குப் போன கணவன் இறந்துவிட்டானாம்.

"கிழிச்சுப் போடுங்க மதினி," என்றான் கொழுந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பொறு தம்பி. கப்பல் கம்பெனி சீல் கலங்கியிருக்கு. அவுக பேருக்கு முன்னால இனிஷியலக் காணோம். பரிசாக் காரு விழுந்திருக்குன்னு போன மாசம் ஒண்ணு வந்துச்சே, அதுவும் இப்படித்தான இருந்துச்சு?"

அந்தப் பொய்க் கடிதம் கடைசி வரியில் பணம் கட்டச் சொல்லியிருந்தது. இதிலும் அந்த வரி இருந்தாக வேண்டும். மறுபடி முதலிலிருந்து படித்தாள். தாளைத் திருப்பினாள். உறையைப் பிரித்து உள்பக்கமும் தேடினாள்.

அவளிடம் யாரும் ஒரு பைசாகூடக் கேட்கவில்லை.