கைச்சூடு

ரத்தம் எடுக்கும் அறையில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கத்தான் நிர்மலா வருகிறாள். நெல்லித்தோப்பிலுள்ள இந்தச் சின்ன மருத்துவமனைக்கு அவள் புதிய மேலாளர். வெளியே வரிசை வளர்ந்துகொண்டே போகிறது. உள்ளே, கனகசெட்டிக்குளத்து மீன்காரி சுலோசனா நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். ஜன்னல் வெயில் அவள் கால்விரல்களை மட்டும் எட்டித் தொடுகிறது. ஐஸில் அளைந்து அளைந்து மரத்துப்போன அவள் கையைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் நர்ஸ் ஜோவிதா. ஊசி இன்னும் உறை பிரிக்காமல் தட்டில் கிடக்கிறது. "குளிர்ல நரம்பு உள்ள போயிடுது மேடம். கை சூடானாத்தான் ஒரே குத்துல எடுக்க முடியும்," என்கிறாள் ஜோவிதா, தேய்ப்பதை நிறுத்தாமல். சுலோசனா சிரிக்கிறாள். "வர்ற வழியில எத்தினி பெரிய ஆஸ்பத்திரி இருக்குது! இந்தப் பொண்ணுக்காவத்தான் ரெண்டு பஸ் மாறி வரேன்." தலைக்கு மேல் ஏசி உறுமுகிறது. வருகிறவர்களுக்குச் சொகுசாக இருக்கட்டும் என்று அதைப் பதினெட்டில் வைக்கச் சொன்னதே நிர்மலாதான். ரிமோட்டை எடுத்து அணைக்கிறாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுலோசனாவின் இன்னொரு கையைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொள்கிறாள். "உன் கை என் கையவிட ஜில்லுன்னு இருக்குதேம்மா," என்று சொல்லி, சுலோசனா அதைத் தேய்த்துவிடத் தொடங்குகிறாள்.