‘கரும்பு வில்’லின் ஒரே சந்தாதாரர்

புதுச்சேரி பிரெஞ்சுக் கல்லூரியில் படித்த பாகூர்ப் பையன்கள் 1934-இல் தொடங்கிய ‘கரும்பு வில்’ கையெழுத்துப் பத்திரிகை, மூன்றே ஆண்டில் அச்சுக்கு உயர்ந்துவிட்டது. பையன்கள் எல்லாரும் எழுதினார்கள். சந்தா கட்டி வாங்கியவர் பாகூர் மிராசுதார் உலகநாதன் ஒருவர்தான். அவர் மகள் கமலவேணியை நினைத்தே பத்திராதிபர் நாகராஜன் இதழுக்கு நான்கு காதல் கவிதை எழுதினான்.

ஆண்டு விழாவுக்கு உலகநாதனே தலைமை தாங்கினார். விழா முடிந்ததும் நாகராஜன் மெல்ல நெருங்கினான்.

“மாமா, நம்ம பத்திரிகைய விடாம பாக்குறீங்களாமே?”

“ஆமாம்பா. முக்கியமா எழுதுறவங்க பேருங்கள. கமலவேணிக்கு மாப்பிள்ள பாக்கணும் இல்ல?”

நாகராஜன் தலைமுடியைக் கோதிக்கொண்டான். “முடிவு பண்ணிட்டீங்களா மாமா?”

“பண்ணிட்டேன். ஒங்கூட படிக்கிற பச்சையப்பன்தான். தையில கல்யாணம்.”

“அவனா? அவன் பேரு ஒரு இதழ்லகூட வந்ததில்லையே!”

“அதாம்பா எனக்கு வேணும். நெலாவப் பாத்து உருகுறவன் என் நெலத்த இன்னா பாப்பான்? எழுதுற பேரையெல்லாம் ஒவ்வொண்ணா கழிச்சிக்கினே வந்தேன். உருப்படியா மிஞ்சினவன் அவன் ஒருத்தன்தான்.”

பக்கத்தில் நின்ற பச்சையப்பன் வெட்கத்தோடு தலைகுனிந்தான்.

பச்சையப்பனும் மாதம் தவறாமல் கவிதை அனுப்பியவன்தான். தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறதே என்ற எரிச்சலில் அத்தனையையும் கிழித்து அடுப்பில் போட்டவன் நாகராஜன்.