வாய் வைக்காத காளைகள்

“ஏன்டா திம்மப்பா, நீ மனுசன்தானா?”

செல்லி போட்ட சத்தத்தில் சுனையைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

திம்மப்பன் மட்டும் திரும்பவில்லை. அவன் ஓட்டும் வண்டிக்காளைகள் இரண்டும் தகரத் தொட்டிக்குள் மூக்கை அழுத்திக் குடித்துக்கொண்டிருந்தன. இன்னொரு குடத்தையும் அதில் கவிழ்த்தான்.

“ஊரே ஒரு சொம்புத் தண்ணிக்குக் காத்துக் கெடக்குது. எம்மவ வயித்தால போயிப் பாயில சுருண்டுட்டா. நீ மாட்டுக்கு ஊத்தறே!”

“மாட்டுக்கும் தாகம் எடுக்குமில்லக்கா?”

“ஓடையில காட்டேன். தெனமும் அங்கதானே குடிக்குதுங்க?”

“இன்னிக்கு இங்க குடிக்கட்டும்.”

“மத்தியானம் காண்டிராக்டர் வர்றாரில்ல, அதான் அவரு மாட்டுக்கு உபசாரம்” என்றாள் பாப்பம்மா. “மாட்டு வாலைப் புடிச்சே மேஸ்திரி ஆயிடுவான் பாரு.”

பெண்கள் சிரித்தார்கள். செல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. காலிக் குடத்தோடு வேலைக்குப் போனாள்.

பேரிகை ஊருக்குப் போகும் சாலையில் ஓடைக்குக் குறுக்கே பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. செல்லிக்கு அங்கே மண் சுமக்கிற வேலை. தூணுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஆயில் இன்ஜின் அதை இறைத்து, சேறும் சுண்ணாம்புமாக ஓடையிலேயே துப்பியது. தோண்டிய மண்ணும் கரையில் மலையாகக் கிடந்தது. தூறல் விழுந்தால் அதுவும் ஓடைக்குள்தான். ஓடை மணலைக் கையால் பறித்துத் தெளிந்த தண்ணீர் மொண்டுவந்த ஊருக்கு இப்போது கிடைத்தது செங்காவிக் குழம்பு. பாறை இடுக்கில் கசியும் அந்தச் சுனைதான் மிச்சம்.

போன வாரம் காண்டிராக்டர் வந்தபோது செல்லி எல்லார் முன்னாலும் இதைக் கேட்டாள்.

“ஓடைத் தண்ணிய ஓடையிலயே வுடறேன். இதுல என்னம்மா கெட்டுப்போச்சு?” என்று அவர் சிரித்தார். “துணியில வடிச்சுக் குடிங்க.”

“கரையில ஒரு பள்ளம் வெட்டித் தெளிய வெச்சு வுடலாமுங்க” என்று மேஸ்திரி முனிவேல் இழுத்தான்.

“பாலம் கட்ட வந்தியா, பள்ளம் வெட்ட வந்தியா?”

அதோடு பேச்சு முடிந்தது.

இன்று உச்சிவெயிலில் அவருடைய கார் வந்து நின்றது. இறங்கியதும் வழக்கம்போல் காளைகளிடம்தான் போனார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவரே பல் பார்த்துப் பிடித்த ஜோடி. எப்போது வந்தாலும் தன் கையாலேயே தண்ணீர் காட்டுவார்.

“குடியோ, பசவா!” என்று கன்னடத்தில் கொஞ்சியபடி ஓடையில் இறக்கினார்.

ஒரு காளை குனிந்து முகர்ந்தது. தலையைத் தூக்கிக்கொண்டது. மற்றது குனியவே இல்லை.

கையால் அள்ளி வாயருகே கொண்டுபோனார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“காலையிலேருந்து கல்லு இழுத்திருக்குதுங்க எஜமான்” என்றான் முனிவேல், ஒன்றும் புரியாமல். “தாகம் இல்லாம இருக்காது.”

காண்டிராக்டர் பதறினார். “தாகத்தோட நிக்கிற மாடு வாய் வெக்கலேன்னா தண்ணியில என்னடா இருக்குது? ஏதாவது ஆயிடுச்சுன்னா இந்த மாதிரி ஜோடி எனக்குக் கெடைக்குமா? நிறுத்துடா இன்ஜினை!”

செல்லி தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தாள். மாடே ஒதுக்குகிற தண்ணீரையா பிள்ளைக்குக் கொடுத்தோம்?

“எல்லாரும் மம்பட்டிய எடுங்க! கரையில பள்ளம் வெட்டுங்க. சேறு அதுல தங்கட்டும். தெளிஞ்சது மட்டும் ஜல்லி வழியா ஓடைக்கு வரணும். அந்த மண்மேட்டைச் சுத்தி வரப்பு போடுங்க, ஒரு பிடி மண்ணு எறங்கக் கூடாது!”

போன வாரம் அவர் தட்டிக்கழித்த வேலை மளமளவென்று நடந்தது. அப்படியொரு வேகத்தில் அந்த ஆட்கள் பாலத்துக்குக்கூட மண் சுமந்ததில்லை. காளைகள் நடைக்கு நடை ஜல்லி இழுத்தன. பொழுது சாய்வதற்குள் இன்ஜின் மறுபடி ஓடி, ஜல்லிக்கடியிலிருந்து தண்ணீர் தெளிந்து வழிய, பாப்பம்மா முதல் குடத்தை நிரப்பி ‘ஓ’வென்று கூவினாள். கரை முழுக்கக் கூவியது.

காண்டிராக்டர் மறுபடி காளைகளை ஓடைக்கு இறக்கினார். இரண்டும் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தன.

“பார்த்தீங்களா?” அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “நல்ல தண்ணி எது, கெட்ட தண்ணி எதுன்னு என் மாட்டுக்குத் தெரியுது. மனுசங்களுக்குத் தெரியுதா?”

கார் புழுதி கிளப்பிப் போனது.

செல்லி நிறைகுடத்தோடு திம்மப்பனிடம் வந்தாள். “காலையில வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதடா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. மொதல்ல போயிப் புள்ளைக்குக் குடு.”

இரண்டடி வைத்தவள் நின்றாள். “ஆனா ஒண்ணு. நேத்துவரைக்கும் அந்தச் சேத்தைத்தானே குடிச்சுதுங்க. இன்னிக்கு மட்டும் எப்படிடா அதுங்களுக்குத் தெரிஞ்சுது?”

திம்மப்பன் காளையின் வயிற்றைத் தட்டிக்கொடுத்தான்.

“நீ திட்டத் திட்ட நான் சுனையில கொடம் கொடமா ஊத்தினது எங்கக்கா போவும்? வயிறு முட்டிப்போன மாடு, பன்னீரைக் காட்டினாலும் குடிக்குமா?”